சின்னம் தைக்காத ஜூலை

சால்ட் கிரீக் கல்லூரி மைதானத்தின் தெற்குப் படிக்கட்டுகளுக்கு அடியில் ஒரு சலவை அறை இருக்கிறது. ஜன்னல் கிடையாது. மேலே இருபதாயிரம் பேர் எழுந்து குதித்தால் கீழே விளக்கு ஆடும். அந்த அறையில் முப்பத்தோரு வருஷமாக இருப்பவள் லவோன் டிரைலிங். பந்தாட்டக்காரர்கள் தொண்ணூறு பேரின் உடுப்பையும் துவைப்பாள், உலர்த்துவாள், கிழிந்தால் தைப்பாள், ஆட்டத்துக்கு முந்தின நாள் பெயர் பார்த்துத் தொங்கவிடுவாள். பயிற்சியாளர்கள் ஏழு பேர் வந்து போய்விட்டார்கள். அவள் போகவில்லை.

யாரையும் சுலபத்தில் நம்ப மாட்டாள். சோப்புக்காரன் புது டப்பா கொண்டுவந்தால் மூடியைத் திறந்து மோந்து பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவாள், தண்ணீர் கலந்திருப்பானோ என்று. வானொலியில் மழை இல்லை என்று சொன்னால் அன்றைக்குக் குடை எடுத்துக்கொண்டு போவாள். இளவயதில் எல்ராய் கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று கேட்டபோது, யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, அவன் வேலை பார்த்த மூன்று பண்ணைகளுக்கும் போய் விசாரித்தாள். குடிப்பானா, குதிரையை அடிப்பானா, விதவைத் தாய்க்குப் பணம் அனுப்புகிறானா என்று கேட்டாள். நாலு மாசம் கழித்துத்தான் சரி என்றாள். எல்ராய் அதை இன்றைக்கும் பெருமையாகச் சொல்லிக்கொள்வான். "என்னைச் சோதனை போட்டு எடுத்தாங்க, சும்மா எடுக்கல" என்பான்.

அவள் நம்பிய ஒரே ஆள் தங்கை டார்லா. அவளுக்கும் அதே வேலைதான், ஆனால் வடக்கே நாற்பது மைல் தள்ளி, வில்லோ ஃபோர்க் கல்லூரியில். எங்களுக்கும் வில்லோ ஃபோர்க்குக்கும் தொண்ணூற்றொரு வருஷமாக ஆட்டம் நடக்கிறது, நவம்பர் கடைசிச் சனிக்கிழமை. அன்றைக்குக் காலையிலேயே ஊர் முழுக்க மிளகாய்க் குழம்பும் பட்டை போட்ட இனிப்பு ரொட்டியும் மணக்கும். அவர்கள் ஊர்க்காரனைக் கண்டால் கொஞ்சம் திட்டிவிட்டு ஒரு கிண்ணம் ஊற்றிக் கொடுப்போம். அவர்களும் அப்படித்தான்.

வரும் அணியின் அழுக்குத் துணியை உள்ளூர்ச் சலவை அறைதான் துவைத்துக் கொடுக்க வேண்டும் என்பது இந்த ஆட்டத்தில் வழக்கம். அதனால் ஒரு வருஷம் டார்லாவின் ஆட்களுடைய துணி லவோனிடம் வரும், மறு வருஷம் லவோனின் ஆட்களுடையது டார்லாவிடம் போகும். துணியோடு அந்தந்த அக்காவோ தங்கையோ கூடவே வருவாள். இயந்திரம் ஓடும்போது இருவரும் மடிப்பு மேசையில் உட்கார்ந்து, கறியும் முட்டைக்கோசும் உள்ளே வைத்துச் சுட்ட ரொட்டியைத் தின்பார்கள். இருபத்துநாலு வருஷமாக ஒரு ஆட்டம்கூடத் தவறியதில்லை.

துணியைப் பார்த்தால் நிறையத் தெரியும். யாருக்கு முழங்காலில் கட்டு, யாருக்குத் தோளில் ரத்தம், யாருடைய உடுப்பு அழுக்கே ஆகவில்லை, எல்லாம் தெரியும். அதைத் தெரிந்துகொள்ள எதிர் அணியின் பயிற்சியாளர் எதை வேண்டுமானாலும் கொடுப்பார். ஆனால் அக்காவும் தங்கையும் ஒரு வார்த்தை வெளியே விட்டதில்லை. சொல்லி வைத்துக்கொண்டதும் இல்லை. அது அப்படித்தான்.

அந்த வருஷம் ஜூலையில்தான் கெட்டது.

ஜூலையில் சின்னங்கள் வரும். எங்கள் கல்லூரியும் வில்லோ ஃபோர்க்கும் இன்னும் சில கல்லூரிகளும் சேர்ந்து ஆடும் சமவெளி லீக்கின் சின்னம், உள்ளங்கை அளவில், கோதுமைக் கதிர் போட்டது. ஒவ்வொரு ஜெர்சியின் நெஞ்சிலும் லவோன்தான் தைக்க வேண்டும். பெட்டி வந்தது. அவள் நூலைக் கோத்துவிட்டாள். அப்போது சாமான் அறைப் பொறுப்பாளன் கர்டிஸ் வாசலில் வந்து நின்றான்.

"லவோன் அக்கா, சின்னம் தைக்க வேணாம். இப்போதைக்கு நிறுத்தி வைங்க."

"ஏன்?"

"மேலேர்ந்து சொன்னாங்க."

"மேலேன்னா? கூரையா, கடவுளா?"

"எனக்கு அவ்வளவுதான் தெரியும் அக்கா. வேணாம்னாங்க, வந்து சொல்றேன்." அவன் சொல்லும்போது அவளைப் பார்க்காமல் இயந்திரத்தைப் பார்த்தான்.

லவோனுக்கு அங்கேயே மூக்கில் வியர்த்தது. முப்பத்தோரு வருஷத்தில் சின்னம் தைக்க வேண்டாம் என்று ஒருவரும் சொன்னதில்லை. தைத்த சின்னத்தைப் பிரித்தால் துணியில் ஊசித் தடம் விழும். அப்படியென்றால், வேறு லீக்குக்குப் போகப் போகிறோம், பிரிக்க வேண்டி வரும் என்று யாருக்கோ தெரிந்திருக்கிறது.

அதற்குப் பிறகு அவள் எதைப் பார்த்தாலும் அதுவாகவே தெரிந்தது. செவ்வாய்க்கிழமை பளபளவென்று காலணி போட்ட இரண்டு பேர் வந்து, வீரர்கள் உடை மாற்றும் அறையை நாடா பிடித்து அளந்தார்கள். அவள் துண்டு மடிப்பதுபோல் நின்று கேட்டாள். "இது போதாது, பெரிசாக்கணும்" என்றான் ஒருவன். பெரிய லீக்குக்குப் போகிறவர்களுக்குத்தானே பெரிய அறை வேண்டும் என்று அவள் முடிச்சுப் போட்டாள்.

ஐரீனின் காப்பிக் கடைக்குப் போனால் அங்கே மெர்ல். பண்ணையை மகனிடம் கொடுத்துவிட்டு நாள் முழுக்கக் காப்பிக் கோப்பைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் மனுஷன். கையில் போன்.

"டல்சா தாண்டிட்டான்" என்றார் மெர்ல்.

"யாரு மெர்ல் அண்ணே?"

"யாரா? நம்ம காலேஜ் விளையாட்டு டைரக்டர் கார்மைக்கேல்தான். காலேஜ் விமானத்தோட வால் நம்பர் எங்கிட்ட இருக்கு, போன்ல போட்டா எங்க பறக்குதுன்னு காட்டும். இதோ பாரு, மஞ்சளா நகருது. நேரா ஹூஸ்டன். இந்த மாசத்துல நாலாவது தடவை. ஹூஸ்டன்ல என்ன இருக்கு?"

"வெயில் இருக்கு" என்றாள் ஐரீன், கோப்பையை நிரப்பிக்கொண்டே. "மாட்டுச் சந்தை இருக்கு."

"வளைகுடா லீக்கோட ஆபீஸ் இருக்கு! நீ காப்பிய ஊத்து." மெர்ல் குரலைத் தாழ்த்தினார். "லவோன், நல்லா கேட்டுக்கோ. வருஷத்துக்குப் பன்னெண்டு ஆட்டம். லீக் மாறினா ஒம்பது அவங்களுக்குப் போயிடும். மிச்சம் மூணையும் காசு குடுக்கற பெரிய காலேஜ்களுக்கு வித்துருவாங்க. அப்புறம் வில்லோ ஃபோர்க்குக்கு எங்க இடம்? தொண்ணூத்தொரு வருஷம், ஒரே கையெழுத்துல போச்சு."

லவோன் ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டாள். ஏழு வயதில் அப்பா இரண்டு தோளிலும் இரண்டு பெண்களைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டிய ஆட்டம் அது. அப்பா போய்விட்டார், வீடு விற்றாயிற்று, பழைய தேவாலயத்தைக்கூட இடித்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது நவம்பரில் அந்த ஒரு சனிக்கிழமைதான். அதையும் எடுத்துவிடுவார்களா?

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து டார்லா போன் பண்ணினாள். தக்காளி, வெயில், டார்லாவின் மருமகளின் சமையல் என்று பேச்சு போனது. லவோன் கேட்கக் கூடாது என்றுதான் இருந்தாள். வாய் நிற்கவில்லை.

"டார்லா, உங்க ஜெர்சிக்கெல்லாம் சின்னம் தைச்சாச்சா?"

"போன வாரமே தைச்சு முடிச்சுட்டேன். ஏன் கேக்கற?"

"சும்மாதான்."

"நீ சும்மா எதையும் கேக்க மாட்டியே. உன்னோடது தைச்சாச்சா?"

 போனில் டார்லாவின் வீட்டு மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டது.

"அக்கா, உன்னைத் தைக்க வேணாம்னு சொல்லிட்டாங்களா?"

"நான் ஒண்ணும் சொல்லல."

"சொல்லலன்னா ஏன் பேசாம இருக்க? அய்யோ, நீங்க போறீங்களா? எங்களை விட்டுட்டா?"

"இதை யாருகிட்டயும் மூச்சு விடாதே டார்லா. என் தலைமேல ஆணை."

"நான் யாருகிட்ட சொல்லப் போறேன்" என்றாள் டார்லா. ஆனால் வழக்கமாகச் சொல்லும் முத்தத்தைச் சொல்லாமல் போனை வைத்துவிட்டாள்.

பதினொரு நாள் கழித்து, காலையில் ஐரீன் கடையில் வானொலி சொன்னது: வில்லோ ஃபோர்க் கல்லூரி சமவெளி லீக்கை விட்டு விலகி அடுத்த வருஷம் முதல் மலை லீக்கில் சேருகிறது.

 முதலில் வாய் திறந்தவர் மெர்ல். "துரோகிங்க! நம்ம போறதுக்கு முன்னாடி அவனுக போயிட்டானுகளே!"

"நீங்க போறது நியாயம், அவங்க போறது துரோகமா?" என்றாள் ஐரீன்.

"நம்ம சொல்லிட்டுப் போயிருப்போம்!"

"யாருகிட்ட சொன்னீங்க?"

லவோன் தலையைக் குனிந்துகொண்டாள்.  எழுந்து நேராக சலவை அறைக்குப் போனாள். அங்கே கர்டிஸ் ஒரு புதுப் பெட்டியை மேசைமேல் வைத்துக்கொண்டு நின்றான்.

"வந்துருச்சு அக்கா. இப்ப தைக்கலாம்."

பெட்டியைத் திறந்தாள். அதே சமவெளி லீக். அதே கோதுமைக் கதிர். அதைச் சுற்றித் தங்க நூலில் ஒரு வட்டம், அடியில் ஐம்பது என்று எண்.

"என்ன இது?"

"லீக்குக்கு ஐம்பதாவது வருஷமாம். புதுச் சின்னம். பழையதைத் தைச்சா மறுபடி பிரிக்கணும்னுதான் நிறுத்தி வைக்கச் சொன்னாங்க. வில்லோ ஃபோர்க்குக்கு அந்தக் கடுதாசி போய்ச் சேரல போல, அவங்க பழசையே தைச்சுட்டாங்களாம்."

"இதை அன்னைக்கே சொல்ல என்ன கேடு உனக்கு?"

"எனக்கே இன்னைக்குத்தான் தெரியும் அக்கா!"

"அந்தக் காலணிக்காரங்க?"

"யாரு? ஆலங்கட்டி மழையில கூரை ஒழுகுச்சே, அதுக்குக் காப்பீட்டு ஆளுங்க. தண்ணி போற குழாய் போதாதுன்னாங்க."

"ஹூஸ்டன்? விமானம்?"

கர்டிஸ் விழித்தான். "விமானமா? அதை மே மாசமே வித்தாச்சே. ஏதோ மாட்டு வியாபாரி வாங்கினார்."

இரண்டு மாசமாக எங்கள் ஊர் மொத்தமும் ஒரு மாட்டு வியாபாரியின் பின்னால் வானத்தில் அலைந்திருக்கிறது. வேறு நாளாக இருந்தால் லவோன் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. கர்டிஸ் சொன்னதையும் முழுசாக நம்பவில்லை. போய் விமானம் விற்ற தாளைக் காட்டச் சொன்னாள். காட்டினான். உண்மைதான்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வடக்கே போனாள். வில்லோ ஃபோர்க்கின் சலவை அறைக்கு ஜன்னல் உண்டு. விலகப் போகிற லீக்கின் சின்னம் இனி வேண்டாம் என்று அங்கே மேலேயிருந்து சொல்லிவிட்டதால், டார்லா ஜன்னலுக்குப் பக்கத்தில் ஊசியால் சின்னங்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"நீதானே சொன்ன?" என்றாள் லவோன், வாசலிலேயே.

டார்லா ஊசியைக் கீழே வைக்கவில்லை. "ஆமா. நான்தான் சொன்னேன். எங்க டைரக்டர் ஸ்டாடர்ட்கிட்ட போய், சால்ட் கிரீக் போகப் போகுது சார்னு சொன்னேன்."

"என் தலைமேல ஆணை போட்டனே!"

"நீ போறேன்னு நெனச்சேன் அக்கா! நீங்க போயிட்டா எங்களுக்கு என்ன இருக்கு? மிச்ச காலேஜெல்லாம் ஒண்ணொண்ணா கழண்டுக்கும். நாங்க மட்டும் காலிப் பாத்திரமா உக்காந்திருக்கணுமா? எல்லாரும் ஓடற வண்டியில ஏறும்போது கடைசியா நிக்கறவனைத்தான் விட்டுட்டுப் போவாங்க. அதான் சொன்னேன்."

"நாங்க எங்கயும் போகல. ஐம்பதாவது வருஷச் சின்னம். அவ்வளவுதான்."

டார்லாவின் கை நின்றது.  பிறகு திரும்பினாள்.

"அப்ப ஆரம்பிச்சது யாரு? நீ. தைச்சாச்சான்னு கேட்டது யாரு? நீ. இருபத்துநாலு வருஷம் வாயைக் கட்டிக்கிட்டு இருந்தோம். முதல்ல அவுத்தது நீ."

"கேட்டது வேற, போட்டுக் குடுத்தது வேற."

"உனக்கு எப்பவும் அடுத்தவங்கதான் திருடங்க."

"உன்னை ஒருத்தியைத்தான் நம்பினேன் டார்லா. அது என் தப்பு."

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டாள். டார்லா ஊசியை எடுத்துப் பிரிக்க ஆரம்பித்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. லவோன் நாற்பது மைலும் வானொலி போடாமல் ஓட்டிக்கொண்டு வந்தாள்.

வழி நெடுக யோசித்தாள். தங்கை சொன்னது பொய் இல்லை. கேள்வி கேட்டவள் தான்தான். ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. லீக் வேறானாலும் இரண்டு கல்லூரியும் மனசு வைத்தால் ஆட்டத்தைத் தனியாக நடத்தலாம். ஆனால் இரண்டு டைரக்டர்களும் பேசுவதில்லை. அவர்கள்தான் நம்மை முதுகில் குத்தினார்கள் என்று கார்மைக்கேல் பத்திரிகைக்குச் சொல்லியிருந்தார். அவர்கள்தான் முதலில் ஓடப் பார்த்தார்கள் என்று ஸ்டாடர்ட் பதில் சொல்லியிருந்தார். சந்தேகம் எங்கே முளைத்தது என்று இருவருக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் இரண்டு பேர், இரண்டு பேரும் துணி துவைக்கிறவர்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு லவோன் கார்மைக்கேலின் அறைக்குப் போய், உட்காரச் சொல்லும் முன்பே உட்கார்ந்தாள்.

"சொல்லுங்கம்மா" என்றார் அவர்.

சொன்னாள். சின்னம், காலணி, விமானம், ஞாயிற்றுக்கிழமைப் போன், எல்லாவற்றையும். எதையும் மென்று விழுங்கவில்லை. தங்கையின் பெயரை மட்டும் விட்டுவிட்டு, "அங்க ஒருத்தர்கிட்ட" என்றாள்.

கார்மைக்கேல் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப ஸ்டாடர்ட் பொய் சொல்லலையா? நாங்கதான் முதல்ல போறதா அவர் நெஜமாவே நெனச்சாரா?"

"ஆமா சார். நான்தான் நெனக்க வெச்சேன். என்னை வேலையை விட்டு எடுக்கறதுன்னா எடுங்க. ஆட்டத்தை எடுத்துடாதீங்க."

"அவங்க லீக் மாறியாச்சும்மா. அது திரும்பாது."

"லீக் வேணாம். ஒரு ஆட்டம். மூணு ஆட்டம் உங்க கையில இருக்காமே, மெர்ல் சொன்னாரு."

"மெர்லா? மாட்டு வியாபாரியைத் தொரத்தினாரே, அவரா?" அவர் வாயோரம் லேசாக நெளிந்தது. "அம்மா, அந்த ஆள் என் போனையே எடுக்க மாட்டார். சேதி வந்ததிலேர்ந்து பேச்சே இல்ல."

"நீங்க போட்டீங்களா?"

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"போடாம எப்படித் தெரியும் எடுக்க மாட்டாருன்னு?" லவோன் கைப்பையை மடியில் இன்னும் சரியாக வைத்துக்கொண்டாள். "நான் இப்படியே இருக்கேன். நீங்க போடுங்க."

"எனக்கு வேற வேலை இருக்கும்மா."

"பாருங்க. நான் ஒண்ணும் தொந்தரவு பண்ணல."

பத்து நிமிஷம் அவர் தாள் புரட்டினார். லவோன் அசையவில்லை. கடைசியில் போனை எடுத்து மேசைமேல் வைத்து, இருவருக்கும் கேட்கும்படி போட்டார். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

"கார்மைக்கேல்?" ஸ்டாடர்டின் குரலில் களைப்பு. "நானே உனக்குப் போடணும்னு இருந்தேன். ஒரு அம்மா காலையில எட்டு மணிக்கு வந்து என் நாற்காலியில உக்காந்தாங்க. எந்திரிக்க மாட்டேங்கறாங்க. எல்லாம் தன்னோட தப்புங்கறாங்க. உங்க ஆளுங்க எங்கயும் போக நெனக்கலையாமே, உண்மையா?"

கார்மைக்கேல் லவோனைப் பார்த்தார். லவோன் முகம் மாறியது. ஆனால் பழக்கம் விடவில்லை.

"அது யாருன்னு நான் எப்படி நம்பறது?" என்றாள். "பேசச் சொல்லுங்க."

போனில் நாற்காலி நகரும் சத்தம். பிறகு டார்லாவின் குரல், கரகரவென்று: "நான்தான் அக்கா. பச்சைச் சட்டை போட்டிருக்கேன், போதுமா? உன் பேரைச் சொல்லல, சும்மா அங்க ஒருத்தர்னு சொன்னேன்."

"நானும் அப்படித்தான் சொன்னேன்" என்றாள் லவோன். 

இரண்டு ஆண்களும் நாள்காட்டியைத் திறந்தார்கள். அடுத்த வருஷம் நவம்பர் கடைசி வாரம் மலை லீக் எடுத்துக்கொண்டுவிட்டது. செப்டம்பர் முதல் சனிக்கிழமை இரண்டு பேருக்கும் காலி. வெயில் கொளுத்தும், ரசிகர்கள் திட்டுவார்கள். ஒப்பந்தம் ரெண்டு வருஷத்துக்கு என்றார் கார்மைக்கேல், நாலு வருஷத்துக்கு என்றார் ஸ்டாடர்ட். எந்த மைதானத்தில் முதலில் என்று பேச ஆரம்பித்தார்கள்.

"சரி, பேசி முடிச்சுட்டோம், எழுதி அனுப்பறோம்" என்றார் கார்மைக்கேல். "நீங்க போகலாம்மா."

லவோன் எழப் பார்த்தாள்.

"அக்கா, எந்திரிச்சுடாதே" என்றது போன். "இந்த ஆளு வாயாலதான் சொல்றாரு, இன்னும் கையெழுத்துப் போடல."

"நான் எங்க எந்திரிச்சேன்?" என்றாள் லவோன், நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு. "இவரும் போடல."